முத்துப்பழனி போட்ட பெயர்

(தஞ்சாவூரில் வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

தலைப்பைப் பார்த்ததும், ஆய்வு மாணவி ஏதோ அரண்மனை இலக்கியம் பற்றிக் கட்டுரை வாசிக்கப்போகிறாள் என்று பின்வரிசையில் சிலர் டீ குடிக்கக் கிளம்புவது தெரிகிறது. குடித்துவிட்டு வாருங்கள். ஆனால் சீக்கிரம் வாருங்கள். நான் பேச வந்தது ஒரு நாவலைப் பற்றியும் அதன் அட்டையில் யார் பெயரைப் போடுவது என்பதைப் பற்றியும்தான். அரண்மனை நடுவில் வந்து போகும்.

போன ஆடியில் ஒரு தோழி போன் செய்தாள். என்னைவிட நான்கு வயது இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். ஊர்ப் பெயர் வேண்டாம். வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு ஊர், அதில் நம் தெரு. "அக்கா, ஒரு நாவல் எழுதியிருக்கேன். 140 பக்கம். காமக் கதைதான். சிரிக்காதீங்க" என்றாள். நான் சிரிக்கவில்லை. வாங்கிப் படித்தேன். நடவுக்குப் போகிற ஒரு பெண், முப்பத்தைந்து வயது, புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அவளுக்கும் டிராக்டர் ஓட்டுகிற ஒருவனுக்கும் இரண்டு குறுவைப் பருவம் நீளும் உறவு. யாரும் யாரையும் கெடுக்கவில்லை. யாரும் தூக்கில் தொங்கவில்லை. அவளுக்கு அது பிடித்திருக்கிறது, பிடித்திருப்பதை அவளே சொல்கிறாள். மோட்டார் கொட்டகையில் நடக்கும் ஓர் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள்.

ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பியிருக்கிறாள். முற்போக்கான பதிப்பகம்தான். பெயர் சொல்லப் போவதில்லை. மூன்று மாதம் கழித்து வந்த பதில்: மொழி நன்றாக இருக்கிறது, ஆனால் இதில் சாதிக்கொடுமை எங்கே வருகிறது? தலித் பெண்ணின் வலி இன்னும் கொஞ்சம் வரவேண்டாமா?

இந்தப் பதில்தான் என்னை இந்த மேடைக்குக் கொண்டு வந்தது. நம்முடைய பெண்கள் அழுதால் அது இலக்கியம், ஆசைப்பட்டால் அது ஆபாசம் என்று யார் எழுதி வைத்தார்கள்? டெல்டா பற்றிய கதைகளில் நம் பெண்களின் உடம்பு வராமல் இல்லை. பண்ணையார் கை வைத்த உடம்பாக, வெண்மணிக் குடிசையில் கருகிய உடம்பாக வந்திருக்கிறது. வரத்தான் வேண்டும். 1968 டிசம்பர் 25இல் 44 பேரை எரித்த மண் இது. அதை எழுதாமல் வேறு எதை எழுதுவது? ஆனால் அந்த 44 பேரும் சாவதற்கு முன்னால் வாழ்ந்தார்கள் அல்லவா?

சரி, தோழி விஷயம். "நானே போட்டுக்கிறேன் அக்கா. ஆனா என் பேர்ல போட முடியாது. தம்பிக்குப் பொண்ணு பார்க்குறாங்க. நான் வேலை பார்க்கிற இடத்துல தெரிஞ்சா அவ்வளவுதான். புனைபெயர்ல போட்டா கோழைத்தனமா?" என்று கேட்டாள். உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்போது நான் படித்துக்கொண்டிருந்தது முத்துப்பழனியை. அந்தக் கதையைத்தான் அவளுக்குச் சொன்னேன். இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்த ஊர் அரண்மனையை மராட்டியர் ஆண்ட காலம். பிரதாப சிம்மன் 1739 முதல் 1763 வரை அரசன். அவன் அவையில் இருந்த தாசி முத்துப்பழனி. ஆட்சி மராட்டியருடையது, ஊர் பேசுவது தமிழ், அவையில் கவிதைக்கு மட்டும் தெலுங்கு. நாயக்கர் காலத்திலிருந்து வந்த பழக்கம். ரகுநாத நாயக்கன் அவையில் ராமபத்ராம்பா, விஜயராகவன் அவையில் ரங்காஜம்மா என்று பெண்கள் ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். முத்துப்பழனி ஆண்டாளின் திருப்பாவையையும் தெலுங்கில் தந்தவர். அவர் எழுதிய பெரிய காவியம் 'ராதிகா சாந்த்வனமு'. ராதிகையைச் சமாதானம் செய்தல் என்று பொருள். 584 பாடல்கள்.

கதை இதுதான். ராதை தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கண்ணனுக்குக் கட்டி வைக்கிறாள். முதலிரவுக்கு இருவரையும் தயார் செய்வதும் அவளே. அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்து வேகிறாள். கடைசியில் கண்ணன் வந்து அவளைச் சமாதானம் செய்யவேண்டியிருக்கிறது. வயதில் மூத்த பெண்ணின் ஆசையும் பொறாமையும்தான் காவியத்தின் நடுவில் இருக்கிறது. கலவியில் முன்கை எடுப்பது அவள். கண்ணன் கொஞ்சம் திணறுகிறான்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது காவியத்தின் முகப்புரை. அந்தக் கால ஆண் கவிஞர்கள் அப்பன், பாட்டன், கோத்திரம், குரு என்று வரிசையாகச் சொல்லித்தான் தொடங்குவார்கள். முத்துப்பழனியும் அப்படித்தான் தொடங்குகிறார். அவர் சொல்லும் வம்சாவளியில் பாட்டி தஞ்சைநாயகி வருகிறார். காமக் காவியத்தின் வாசலில், நான் இன்னார், இன்னாருடைய பேத்தி என்று பெயரை எழுதிவைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார். 18ஆம் நூற்றாண்டில்.

இதைச் சொன்னதும் தோழி, "அவங்களுக்கு ராஜா இருந்தாரு அக்கா" என்றாள். பாயிண்ட் அதுதான். அந்த இடத்துக்குப் பிறகு வருகிறேன்.

அரண்மனை போனது, கம்பெனி வந்தது, அச்சு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் காவியமும் அச்சேறியது. பதிப்பித்தவர் ஒரு பண்டிதர். அந்தப் பதிப்பில் முகப்புரை இல்லை. பாட்டி, பேத்தி யாரும் இல்லை. சில பாடல்களும் காணாமல் போயிருந்தன. கவனியுங்கள்: காமம் முழுவதையும் அவர் வெட்டவில்லை. அதை எழுதியவள் யார் வீட்டுப் பெண் என்பதை வெட்டிவிட்டார். ஒருத்தி தானாகப் புனைபெயர் வைத்துக்கொள்வதும் அவள் பெயரை இன்னொருவன் அழிப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இதே காலத்தில் தெலுங்கு தேசத்தின் பெரிய சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம். விதவை மறுமணத்துக்காகப் போராடியவர், மரியாதைக்குரியவர். தெலுங்குக் கவிகளின் வரலாற்றை எழுதும்போது முத்துப்பழனியின் புலமையை ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டுவிட்டு, ஒழுக்கம் கெட்டவள் என்கிறார். பெண்ணின் வாயிலிருந்து வருவது இருக்கட்டும், பெண்ணின் காதில்கூட விழக்கூடாதவை இந்தப் பாடல்கள் என்கிறார். சீர்திருத்தவாதிகள் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நடப்பதை அவள் பேசினால் மட்டும் கோபம் வந்துவிடும். நம் தோழர்கள் சிலரையும் எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

இங்கேதான் பெங்களூர் நாகரத்தினம்மாள் வருகிறார். 1878இல் மைசூர்ப் பக்கம் நஞ்சன்கூட்டில், தேவதாசி மரபில் பிறந்தவர். சென்னையில் பெரும் புகழும் பணமும் சம்பாதித்த பாடகி. வேறொரு நூலில் முத்துப்பழனியைப் பற்றிய குறிப்பைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தேடுகிறார். கைக்குக் கிடைத்ததோ அந்த வெட்டுப்பட்ட அச்சுப் பிரதி. அப்புறம் மூலச்சுவடியைத் தேடி வாங்கி, ஒப்பிட்டு, விட்டுப்போன முகப்புரையையும் பாடல்களையும் திரும்பச் சேர்க்கிறார். 1910இல் சென்னை வாவிள்ள பதிப்பகம் அதை வெளியிட்டது. பதிப்பாசிரியர் என்று தன் பெயரைப் போட்டு, முன்னுரையும் எழுதுகிறார்.

அந்த முன்னுரையில் வீரேசலிங்கத்துக்குப் பதில் இருக்கிறது. அதன் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். நாணம் பெண்களுக்கு மட்டும்தான் இயற்கையா, ஆண்களுக்கு இல்லையா? தாசி எழுதியதால் இது ஆபாசம் என்றால், பெரிய மனிதர்கள் இதைவிடப் பச்சையாக எழுதியதெல்லாம் என்ன? நீங்களே பார்வையிட்டு அச்சுக்குக் கொடுத்த 'வைஜயந்தி விலாசம்' எந்தக் கணக்கில் வரும்? இந்தக் கடைசிக் கேள்வியை நம் ஊர்க்காரர்கள் நன்றாக ரசிக்கலாம். 'வைஜயந்தி விலாசம்' விப்ரநாராயணர் கதை. ஸ்ரீரங்கத்து நந்தவனத்தில் இருந்த பக்தரைத் தேவதேவி என்ற தாசி மயக்கிய கதை. அதே காவிரிக்கரை, அதே தாசி, அதே சிருங்காரம். எழுதியவர் ஆண் என்பதால் அது பக்தி.

பதில் எப்படி வந்தது தெரியுமா? ஒரு பத்திரிகை, ஒரு வேசி எழுதியதை இன்னொரு வேசி பதிப்பித்திருக்கிறாள் என்கிற தொனியில் எழுதியது. இன்றைக்குக் கமெண்டில் திட்டுகிறவர்களுக்கு அசல் சரக்கு எதுவும் இல்லை தோழர்களே, எல்லாம் நூறு வருஷத்துப் பழசு. புகார் அரசாங்கத்துக்குப் போனது. அரசு மொழிபெயர்ப்பாளரான ஒரு பந்துலு சில பாடல்கள் ஒழுக்கத்துக்குக் கேடு என்று சான்று கொடுத்தார். 1911இல் போலீஸ் கமிஷனர் கன்னிங்ஹாம் பிரதிகளைப் பறிமுதல் செய்தார். வெள்ளைக்காரனுக்குத் தெலுங்குச் சிருங்காரம் எங்கே புரியப்போகிறது? நம்மாட்கள்தான் அடிக்கோடிட்டுக் கொடுத்தார்கள்.

தடை 1947 வரை நீடித்தது. தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது அதை நீக்கினார். 1952இல் வாவிள்ள மறுபடி பதிப்பித்தது. நாகரத்தினம்மாள் இறந்ததும் அதே 1952இல், மே 19 அன்று, இங்கிருந்து 13 கிலோமீட்டரில் உள்ள திருவையாற்றில். தியாகராஜர் சமாதி புதர் மண்டிக் கிடந்ததை மீட்டு, தன் சம்பாத்தியத்தைக் கொட்டிக் கட்டியவர் அவர். அவர் கட்டிய இடத்தில் நடந்த ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். பெண்களைத் திரட்டித் தனியாகப் பாடினார். 'பெண்கள் கட்சி' என்று அதற்குப் பெயரே வந்தது. இன்றைக்கும் தை மாதம் அங்கே போகிற கூட்டத்தில், எதிரே உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளின் சிலையைக் கும்பிடுகிறவர்கள் நிறைய பேர். அவர் பதிப்பித்த புத்தகத்தின் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள்.

இதுவரை கேட்டால் வீரக்கதை. நம் மேடையில் வீரக்கதையோடு நிறுத்தினால் நான் நேர்மையாக இல்லை என்று அர்த்தம். தேவதாசி ஒழிப்புச் சட்டம் பேசப்பட்டபோது, அதை எதிர்த்த தாசிகளில் நாகரத்தினம்மாளும் இருந்தார். எங்கள் கலையையும் சொத்துரிமையையும் பறிக்கிறீர்கள் என்பது அவர்கள் வாதம். மறுபக்கம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். அவரும் அதே மரபிலிருந்து, இதே டெல்டாவின் மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து வந்தவர். பெரியாரோடு நின்றவர். பொட்டுக்கட்டுதல் என்றால் என்னவென்று உள்ளே இருந்து பார்த்தவர். 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்று நாவலே எழுதினார், சொந்தப் பெயரில். இங்கே இருக்கும் தங்கைகளில் சிலர் மாதம் 1000 ரூபாய் வாங்குகிற புதுமைப்பெண் திட்டம் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1947இல் காவியத்தின் தடை நீங்கியது. பொட்டுக்கட்டத் தடைச் சட்டம் வந்ததும் அதே 1947இல்தான். நான் சட்டத்தில் ராமாமிர்தம் அம்மையார் பக்கம், புத்தகத்தில் நாகரத்தினம்மாள் பக்கம். இரண்டும் ஒரே ஆளால் முடியாது என்று என்னிடம் ஒரு பேராசிரியர் வாதிட்டார். முடிகிறது, செய்துகொண்டிருக்கிறேன்.

இப்போது தோழி சொன்ன ராஜாவுக்கு வருகிறேன். முத்துப்பழனி பெயர் போட முடிந்ததற்குப் பின்னால் அரண்மனை இருந்தது. அரண்மனைக்குப் பின்னால் நெல் இருந்தது. அந்த நெல்லை நட்டவர்கள் யார்? காலம் மாறி, அரசு மாறி, 1952இல் தஞ்சாவூர் சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருகிறவரை, நம் ஆட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த ஊர் இது. ஆம், அதே 1952.

அந்த நடவுக்காரிகளுக்குக் காமத்தைப் பாடத் தெரியாதா? என் அப்பாயி நடவுப் பாட்டுக்குப் பேர் போனவர். வரப்பில் குடை பிடித்துக்கொண்டு மிராசுதாரின் காரியக்காரர் நிற்பார். இவர்கள் குனிந்து நட்டுக்கொண்டே, அவருடைய ஆண்மையை அங்குலம் அங்குலமாக அளந்து பாடுவார்களாம். பாட்டில் பெயர் வராது, யாரென்று எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். பாட்டு நின்றால் நடவு நிற்கும் என்பதால் வாயை மூடிக்கொண்டு நிற்பார். புருஷனைப் பற்றிய பாட்டு, கொழுந்தனைப் பற்றிய பாட்டு, கிழவிக்கு வந்த ஆசையைப் பற்றிய பாட்டு என்று எத்தனையோ. முத்துப்பழனியின் ராதை கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பாள்.

இதெல்லாம் எங்கே போனது? நாட்டுப்புறப் பாடல் தொகுப்புகளில் தாலாட்டும் ஒப்பாரியும் பக்கம் பக்கமாக இருக்கிறது. கெட்ட பாட்டு அபூர்வம். கி.ராஜநாராயணன் பாலியல் நாட்டார் கதைகளை 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று துணிந்து தொகுத்தார், அதற்காக அவரை வணங்குகிறேன். ஆனால் பொதுவாக நடப்பது என்ன? தொகுத்தவர் பெயர் அட்டையில் வரும், பாடியவள் 'நாட்டுப்புறம்' ஆகிவிடுவாள். என் அப்பாயிக்குப் புனைபெயர் வைத்துக்கொள்ளும் வசதி கிடைத்ததே இல்லை. மறைத்துக்கொள்வதற்கும் முதலில் ஒரு பெயர் வேண்டும் அல்லவா.

ஆண்களுக்குப் புனைபெயர் சட்டை மாதிரி. புஷ்பா தங்கதுரை என்ற பெயரை உங்கள் அப்பாக்களிடம் கேட்டால் முகம் லேசாக மாறும். கிளர்ச்சியூட்டும் தொடர்கதைகளை அந்தப் பெண்பெயரில் எழுதியவர் ஸ்ரீ வேணுகோபாலன். அவரே 'திருவரங்கன் உலா' எழுதும்போது ஸ்ரீ வேணுகோபாலன் ஆகிவிடுவார். அரங்கனுக்கு ஒரு பெயர், அங்கங்களுக்கு ஒரு பெயர். திறமைசாலி, நான் குறை சொல்லவில்லை. இரண்டு பெயரும் அவருக்குப் பிழைப்பைக் கொடுத்தன, எதுவும் பறிபோகவில்லை. பேருந்து நிலையக் கடையில் பின் அடித்துத் தொங்கிய 'சரோஜாதேவி' புத்தகங்களும் பெண் பெயர்தான். ஆண்கள் ஆண்களுக்காக எழுதும்போது பெண் பெயர் தேவைப்படுகிறது. ஒரு பெண் உண்மையாகவே எழுதினால்தான் அந்தப் பெயர் ஆபத்தாகிறது.

சல்மாவை நினைத்துப் பாருங்கள். துவரங்குறிச்சியில் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டுக்குள் வைக்கப்பட்ட பெண். ராத்திரியில் குளியலறையில் ஒளிந்து எழுதி, அம்மா வழியாகக் கவிதைகளை வெளியே அனுப்பினார். 'சல்மா' என்ற பெயரில்தான் அவை வந்தன. அந்தப் புனைபெயர் ஒளிவதற்கா? வெளியே வருவதற்கு அது ஒன்றுதான் கதவு. பிறகு 2001இல் பேரூராட்சித் தலைவர் ஆனார், 'இரண்டாம் ஜாமங்களின் கதை' எழுதினார், புனைபெயரே பெயராகிவிட்டது.

சொந்தப் பெயரில் எழுதினால் என்ன ஆகும் என்பதற்குப் பெருமாள்முருகன் போதும். 'மாதொருபாகன்' 2010இல் வந்தபோது யாரும் அடிக்கவில்லை. 2014 கடைசியில் சாதி அமைப்புகள் கிளம்பின. ஆபாசம் என்றார்கள். உண்மையில் சுட்டது வேறு. பிள்ளையில்லாத பெண் திருவிழா இரவில் முகம் தெரியாத ஆணோடு சேர்கிறாள் என்றால், அந்த ஆண் எந்தச் சாதி? இந்தக் கேள்விதான் அவர்களைத் தூங்கவிடவில்லை. எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அவர் அறிவிக்க வேண்டிவந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர் ஆண், பேராசிரியர், புகழ்பெற்றவர். அவருக்கே அந்தப் பாடு என்றால், நம் தெருவிலிருந்து ஒரு பெண், பத்தாயிரம் சம்பளத்தில் வேலை பார்க்கிறவள், சொந்தப் பெயரைப் போட்டுத்தான் வீரத்தை நிரூபிக்க வேண்டுமா? அப்படிக் கேட்கிறவர்கள் முதலில் அவளுக்கு வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுக்கட்டும்.

ஆக, கோழைத்தனம் இல்லை என்று அவளிடம் சொன்னேன். ஆனால் இரண்டு விஷயத்தில் சண்டை போட்டேன். முதலாவது, சாதியை மறைக்கும் பெயரோ, உயர்சாதி வாசனை அடிக்கும் பெயரோ வைக்காதே என்றேன். அவள் முதலில் யோசித்த பெயர் அப்படித்தான் இருந்தது, அக்ரகாரத்து வாசலில் கோலம் போட்ட மாதிரி. "அந்தப் பேரு இருந்தா வாங்குவாங்கல்ல அக்கா" என்றாள். வாங்குவார்கள், மோட்டார் கொட்டகைக் கதை வேறு யாருடையதாகவோ ஆகிவிடும் என்றேன். இரண்டாவது, உரிமையை விட்டுவிடாதே என்றேன். பதிப்புரிமைச் சட்டம் புனைபெயர் நூலுக்கும் வெளியான ஆண்டிலிருந்து 60 வருடம் பாதுகாப்புத் தருகிறது, யாரென்று பிறகு வெளிப்படுத்தினால் இறப்புக்குப் பின் 60 வருடம். கையெழுத்துப் பிரதியைத் தேதியோடு தனக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைக்கச் சொன்னேன். ஆபாசப் புத்தகத்துக்கான சட்டப்பிரிவும் செத்துப்போகவில்லை. கன்னிங்ஹாம் காலத்து 292, இப்போது புதிய சட்டத்தில் 294 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "முத்துப்பழனி பாட்டி பேரைப் போட்ட மாதிரி நானும் என் அம்மாயி பேரை வெச்சுக்கவா?" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலையில் அவளே கூப்பிட்டு, "வேணாம் அக்கா, தெருவுல எல்லாருக்கும் அம்மாயி பேரு தெரியும்" என்றாள்.

புத்தகத்தை முதலில் மின்னூலாகப் போட்டாள். மின்னூல் கடைக்காரனுக்கு அட்டையில் எந்தப் பெயரும் சம்மதம், வங்கிக் கணக்குக்குத்தான் நிஜப்பெயர் வேண்டும். ஆனால் இந்த மாதிரிப் புத்தகத்தை விற்பது எழுதுவதைவிடக் கஷ்டம். வாங்குகிறவர்கள் விமர்சனம் எழுத மாட்டார்கள், யாருக்கும் பரிந்துரைக்க மாட்டார்கள், படித்ததாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் வாட்ஸப்பில் சுட்டியைப் பகிர்ந்தபோது ஒரு தோழர், "இயக்கத்துக்கு இதெல்லாம் தேவையா?" என்று கேட்டார். 'பெண் ஏன் அடிமையானாள்?' கற்பில்தான் தொடங்குகிறது, எடுத்துப் பாருங்கள் தோழர் என்று பதில் போட்டேன். நீலக்குறி விழுந்தது, பதில் வரவில்லை.

பிறகு ஊர்ப்பெண்கள் சிலர், எங்களுக்குப் போனில் படிக்க வராது, தாளில் கொடு என்று கேட்டிருக்கிறார்கள். எப்படியோ தெரிந்திருக்கிறது. யார் எழுதியது என்று யாரும் கேட்கவில்லை. அப்பாயி பாட்டில் யார் பெயர் என்று காரியக்காரர் கேட்காத மாதிரி. அதனால் 50 பிரதி அச்சடித்தோம். சித்தாளு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் 11 பிரதி விற்றுக் கொடுத்திருக்கிறார். முந்தானையில் முடிந்து எடுத்துப் போவாராம்.

என் பையில் இப்போது 6 பிரதிகள் இருக்கின்றன. அட்டையில் படம் இல்லை, பெயர் இருக்கிறது. விலை 120 ரூபாய். சில்லறை இருந்தால் நல்லது.